மெர்செட் போகும் வழி: காகித சார்ட்டா, டேப்லெட்டா?

கிழக்குக்காற்று | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். சான் ஹோசே நகரின் ரீட்-ஹில்வியூ விமானநிலையத்தில் தனிநபர் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். செஸ்னா 172, இதுவரை 41 மணி நேரம். அடுத்தது நீண்ட சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்கும் நெடும்பயணம்.

வழி இது: ரீட்-ஹில்வியூவிலிருந்து மெர்செட், அங்கிருந்து சலீனாஸ், பிறகு வீடு. மூன்று கட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 168 கடல் மைல். விதி கேட்பது மொத்தம் 150 கடல் மைல், மூன்று இடங்களில் முழுதாக இறங்கி நிற்பது, ஒரு கட்டமாவது 50 கடல் மைலுக்கு மேல் இருப்பது. எல்லாம் சரியாக வருகிறது.

சிக்கல் வேறு. ஜிபிஎஸ் வரைபடச் செயலி உள்ள டேப்லெட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடு என்கிறார் என் பயிற்றுநர். ஆபத்து என்றால் மட்டும் எடுக்கலாம். மற்றபடி மடியில் சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனல் சார்ட் (விமானிகளுக்கான நிலவரைபடம்), பென்சில், திசையும் தூரமும் அளக்கும் பிளாட்டர், இ6பி வட்டக் கணிப்பான், ஒரு கடிகாரம். இன்று மதியம் சாப்பாட்டு மேசை முழுக்க சார்ட்டை விரித்து மூன்று மணி நேரம் கோடு போட்டேன், அளந்தேன், காற்றுக்குத் திருத்தம் கணக்கிட்டேன். பிறகு அதே வேலையைச் செயலியில் செய்து பார்த்தேன். பத்து விநாடி. விடையும் ஒன்றே, ஒரு டிகிரிதான் வித்தியாசம்.

எங்களைப் போன்ற சிறு விமானங்களுக்குக் காகித சார்ட் கட்டாயம் என்று அமெரிக்க விதி சொல்லவில்லை. 91.103ஆம் பிரிவு கேட்பது, கிடைக்கக்கூடிய தகவல் அனைத்தையும் புறப்படும் முன் அறிந்திருக்க வேண்டும் என்பதைத்தான். உரிமத் தேர்விலும் டேப்லெட் அனுமதி உண்டு. பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்? பயிற்றுநர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கேட்டால், "பறந்து பார், புரியும்" என்கிறார். எனக்குப் பறக்கும் முன்பே புரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாரல் | ஞாயிறு, இரவு 10:03

நீண்ட சோலோவுக்கு வாழ்த்துகள், தம்பி. சாக்ரமெண்டோ பக்கம் செஸ்னா 182 ஓட்டுகிறேன், 600 மணி நேரம் கடந்துவிட்டது. ஆறு ஆண்டுகளாக நான் காகித சார்ட் வாங்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஆகஸ்ட் என்றால் காட்டுத்தீ. தீ பிடித்த இடத்தைச் சுற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தற்காலிகப் பறத்தல் தடை விதிக்கும், டிஎஃப்ஆர் என்போம். கிளம்பும்போது இல்லாத தடை, மலை ஏறுவதற்குள் வந்துவிடும். மூன்று கோடைகளுக்கு முன் டிரக்கி நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். ஆபர்னைத் தாண்டியதும் திரையில் நேர் எதிரே ஒரு சிவப்பு வட்டம் முளைத்தது. ஏடிஎஸ்-பி என்ற தரை ரேடியோ ஒலிபரப்பு வழியாக வந்த தகவல். அதை மட்டும் நம்பாமல் ரேடியோவில் கட்டுப்பாட்டாளரைக் கேட்டேன். ஆமாம், உள்ளே தீயணைப்பு விமானங்கள் இருக்கின்றன, வடக்கே விலகுங்கள் என்றார். விலகிப் போகும்போது, எனக்கு வெகு கீழே ஒரு டாங்கர் விமானம் புகைக்குள் மூக்கை நுழைத்துச் செந்நிறக் கரைசலைக் கொட்டிவிட்டு மேலே எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். காகிதத்தை மட்டும் நம்பியிருந்தால் நான் அந்தப் புகைக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன்.

செக்‌ஷனல் சார்ட் முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. 2021 முதல் 56 நாளுக்கு ஒரு முறை வருகிறது. 56 நாள் என்பது தீக்கு ஒரு யுகம். அந்தப் 56 நாளைக்கூட எத்தனை பேர் மதிக்கிறார்கள்? பையில் கிடக்கும் சார்ட்டின் தேதி போன ஆண்டுடையதாக இருக்கும். கேட்டால், மலை இடம் மாறுமா என்பார்கள். மலை மாறாது. கோபுரம் முளைக்கும், அலைவரிசை மாறும், வான்வெளி எல்லை மாறும். அப்படிப்பட்டவர் எனக்கு எதிரே பறந்து வரக்கூடும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பழைய திசைகாட்டி | ஞாயிறு, இரவு 11:20

சாரல் சொல்வதில் ஒரு சொல்லையும் மறுக்கமாட்டேன். தடை வந்துவிட்டதா என்று பார்க்கத் திரை வேண்டும். ஆனால் தம்பி கேட்டது வேறு கேள்வி.

நான் பறக்கக் கற்றது தமிழ்நாட்டில், 1980களின் தொடக்கத்தில், துணி போர்த்திய புஷ்பக் விமானத்தில். காந்தத் திசைகாட்டி, கைக்கடிகாரம், பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரு வரைபடம். திருச்சிக்குப் போகும்போது ரயில் பாதையை மட்டும் நம்பாதே என்பார் ஆசிரியர். பாதை பிரியும் இடத்தில் தவறான கிளையைப் பிடித்துவிடுவாய். ஆறு ஏமாற்றாது. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவது மேலிருந்து பார்த்தால் கவட்டைக் கம்பு போல இருக்கும். ஏப்ரலில் தண்ணீரே இல்லாவிட்டாலும் வெண்மணல் காட்டிக்கொடுக்கும். அதற்குக் கிழக்கே இரண்டு மணல் கோடுகளுக்கு நடுவில் ஸ்ரீரங்கம். இன்றும் கண்ணை மூடினால் அந்த நிலம் தெரிகிறது. நாற்பது ஆண்டுக்கு முன் பென்சிலால் போட்ட கோடு அது.

பிறகு அமெரிக்காவில் 22 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தேன். மூன்று மணி நேரம் கோடு போட்டாய் அல்லவா தம்பி, அந்த நேரத்தில் உன் கண் அந்த வழியில் உள்ள ஒவ்வொரு மேட்டின் மீதும் ஊர்ந்து போயிருக்கிறது. சார்ட்டின் ஒவ்வொரு சதுரக் கட்டத்திலும் பெரிதாக ஓர் எண்ணும் பக்கத்தில் சிறிதாக ஓர் எண்ணும் இருக்கும். அந்தக் கட்டத்திலுள்ள மலை, கோபுரம் எல்லாவற்றையும்விட மேலான உயரம் அது. கோட்டை இழுக்கும்போது அதைப் படிக்காமல் தாண்ட முடியாது. செயலி பத்து விநாடியில் உனக்கு விடையைத் தந்தது. நடுவில் கிடக்கும் நிலத்தை நீ பார்த்தாயா?

ஒரு கேள்வி. சார்ட்டைப் பார்க்காமல் பதில் சொல். ஹாமில்டன் மலையைத் தாண்டிவிட்டாய், ஐ-5 நெடுஞ்சாலை இன்னும் கண்ணில் படவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது. எங்கே இறங்குவாய்?

ஓடுபாதை30 | திங்கள், காலை 6:48

வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை. தம்பி, உன் வழியின் முதல் கட்டத்தை நானும் பறந்திருக்கிறேன். அதே ரீட்-ஹில்வியூ, அதே மெர்செட்.

மெர்செட் பக்கம் இரண்டு விமானநிலையங்கள் இருக்கின்றன. ஒன்று, ஊரை ஒட்டிய மெர்செட் விமானநிலையம். ஓடுபாதை 12/30, நீளம் 5,900 அடி, கட்டுப்பாட்டு டவர் கிடையாது, அதனால் சார்ட்டில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) நிறம். மற்றொன்று, அதற்கு வடமேற்கே ஆறு கடல் மைலில் உள்ள காசில். 1995இல் மூடப்பட்ட விமானப்படைத் தளம், ஓடுபாதை 13/31, நீளம் 11,800 அடி, டவர் உண்டு, நீல நிறம். இரண்டு ஓடுபாதைகளும் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கின்றன. இப்போது அடையாள எழுத்துகளைப் பார். மெர்செட்டுக்கு கே-எம்-சி-இ. காசிலுக்கு கே-எம்-இ-ஆர். மெர்செட் என்ற பெயரை மனதில் வைத்துக்கொண்டால் விரல் தானாக எதை அடிக்கும்?

எம்-இ-ஆர் என்றுதான் அடித்தேன். பயிற்றுநர் பக்கத்தில் இருந்தார்; பார்த்துவிட்டு வேண்டுமென்றே பேசாமல் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

விமானநிலையத்துக்குக் கிழக்கே ஒரு வட்டமடித்து உயரம் எடுத்து, 5,500 அடியில் திரையின் மெஜந்தா கோட்டைப் பிடித்தேன். அழகாகப் பறந்தேன், கோட்டிலிருந்து முடியளவும் விலகவில்லை. எட்டரை கடல் மைலில் ஹாமில்டன் மலை உச்சி. லிக் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் மூக்குக்கு நேர் கீழே வந்தன.

மடியில் சார்ட் இருந்தது. முந்தின இரவு போட்ட பென்சில் கோடு அந்த ஆய்வகத்துக்குத் தெற்கே மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் மூன்று மில்லிமீட்டர் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர். குவிமாடங்கள் எனக்கு இடப்பக்கம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கீழே தெரிந்தன.

காற்று தள்ளியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான்தான் ஜிபிஎஸ் கோட்டின் மேலேயே இருக்கிறேனே, காற்று எங்கே தள்ளியது? காகிதத்தில் எழுதியிருந்த காந்தப் பாதை, அதாவது திசைகாட்டியின் வடக்கிலிருந்து அளந்த திசை, 080 டிகிரி. திரையில் 074. ஆறு டிகிரி. சார்ட்டில் புறப்பட்ட இடத்தையும் குவிமாடங்களையும் சேர்த்து விரலை நேராக நகர்த்தினேன். மலைத்தொடரைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி, விரல் போய் நின்ற இடம் காசில்.

அந்தக் குவிமாடங்களை நான் பார்க்காமல் விட்டிருந்தால், மெர்செட் அலைவரிசையில் என் இருப்பைச் சொல்லிக்கொண்டே, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் காசில் டவரின் வான்வெளிக்குள் நுழைந்திருப்பேன். அங்கே என்னைத் தவிர எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஜிபிஎஸ் தன் வேலையைத் துல்லியமாகச் செய்தது. நான் கேட்ட இடத்துக்கு என்னைக் கொண்டுபோனது. கேட்டதுதான் தவறு.

கிழக்குக்காற்று | திங்கள், காலை 8:15

ஓடுபாதை30 அண்ணா, படித்ததும் ஓடிப்போய்ச் செயலியைத் திறந்து பார்த்தேன். கே-எம்-சி-இ. ஊர்ப் பெயரைத் தேடி எடுத்ததால் சரியாக வந்திருக்கிறது. எழுத்தை அடித்திருந்தால் நானும் எம்-இ-ஆர்தான் அடித்திருப்பேன். சார்ட்டையும் விரித்துப் பார்த்தேன். என் கோடும் ஆய்வகத்துக்குத் தெற்கே அதே அளவு தள்ளித்தான் போகிறது. போட்டவன் நானே, ஆனால் இதுவரை அதைக் கவனிக்கவில்லை.

திசைகாட்டி ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் கோடு போட்டும் தெரியவில்லை என்பது வருத்தமாக இருந்தது. மறுபடி பார்த்தேன். மலைக்குப் பின்னால் சான் அன்டோனியோ பள்ளத்தாக்கில் கொஞ்சம் சமதளம் இருக்கிறது, கோட்டுக்கு வடக்கே சில மைல். அதை விட்டால் ஐ-5 வரை முகடும் பள்ளமும்தான். ஆகவே அந்தப் பகுதியை 7,500 அடியில் கடக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பழைய திசைகாட்டி | திங்கள், காலை 8:52

சரி. உயரம் என்பது யோசிப்பதற்கான நேரம். ரீட்-ஹில்வியூ பக்கத்திலேயே ஏறி முடித்துவிட்டுப் பிறகு கிழக்கே திரும்பு.

தேம்ஸ்கரை | திங்கள், மாலை 4:30

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பெரியவர்மீது மரியாதை குறையாமல் ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் எல்லோரும் இடம் உள்ள நாட்டில் பறக்கிறீர்கள்.

லண்டனைச் சுற்றிலும் நமக்கு மேலே கட்டுப்பாட்டு வான்வெளி பல இடங்களில் 2,500 அடியிலேயே தொடங்கிவிடும். பக்கவாட்டில் ஹீத்ரோ, லூட்டன், ஸ்டான்ஸ்டெட். நடுவில் உள்ள இடுக்கில்தான் நாங்கள் போக வேண்டும். காகிதத்தில் அரை மில்லிமீட்டர் தடித்த பென்சில் கோடு நிலத்தில் 250 மீட்டர். கையில் சார்ட்டோடு, மேகத்தின் கீழே, புகைமூட்டத்தில், "அதோ அந்த நீர்த்தேக்கமா, இதுவா?" என்று தேடும் அரை நிமிடத்தில் எல்லைக்குள் போய்விடுவோம். நான் போயிருக்கிறேன். உரிமம் வாங்கி ஐந்தாவது மாதம், காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு நீர்த்தேக்கங்களை மாற்றிப் புரிந்துகொண்டேன். எனக்காக ஒரு பயணிகள் விமானத்தைத் திசை திருப்ப வேண்டியதாயிற்று. அந்த விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

வான்வெளி அத்துமீறலைத் தவிர்க்க மூவிங் மேப் (விமானம் இருக்கும் இடத்தைக் காட்டியபடி நகரும் திரை வரைபடம்) பயன்படுத்துங்கள் என்று பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமே விமானிகளை வலியுறுத்துகிறது. எல்லைக்குப் பக்கத்தில் வரும்போதே எச்சரிக்கிறது அந்தக் கருவி. இப்படி ஒன்று இருக்கும்போது மாணவன் அதைப் பைக்குள் போட்டு மூட வேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை. முதல் நாளிலிருந்தே அதை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுக்காததால்தான் ஓடுபாதை30 எழுத்தை மாற்றி அடித்தார்.

பழைய திசைகாட்டி | திங்கள், மாலை 5:41

தேம்ஸ்கரை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் திரையோடுதான் பறப்பேன். உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு நன்றி. நீர்த்தேக்கத்தை மாற்றிப் புரிந்துகொள்வது எனக்கும் நடந்திருக்கிறது.

ஆனால் கற்கும் வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். என்னிடம் வந்த மாணவர்களில் திரையோடு தொடங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கீழே ஏதாவது தெரிந்தால், அது என்ன என்று திரையைப் பார்ப்பார்கள். காகிதத்தோடு தொடங்கியவர்கள், அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று முதலில் காகிதத்தைப் பார்த்து, பிறகு அதை வெளியே தேடுவார்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் உடனே மனதில் உறுத்தும். ஓடுபாதை30க்கு உறுத்தியதே, அதுதான். குவிமாடம் இடப்பக்கம் வரும் என்று அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

அறுபதுக்கு ஒன்று கணக்கு தெரிந்திருக்கும். 60 கடல் மைலுக்கு ஒரு டிகிரி பிசகினால் ஒரு கடல் மைல் தள்ளிப் போவோம். அவருடைய ஆறு டிகிரியை வைத்துப் பாருங்கள். மெர்செட் 62 கடல் மைல். ஆறு டிகிரிக்கு ஆறு மைல். காசில் ஆறு மைலில்தான் இருக்கிறது. எட்டரை மைலில் அது ஒரு மைலுக்கும் குறைவான பிசகு, அதையும் கண்ணால் பிடித்திருக்கிறார். இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தால் எந்தத் திரையையும் சோதித்துப் பார்க்கலாம்.

கடிகாரத்துளி | திங்கள், இரவு 8:05

கொலராடோவில் ஜிபிஎஸ் துறையில் வேலை, வார இறுதியில் பைப்பர் ஆர்ச்சர் விமானம். கருவியைச் செய்கிறவர்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலிருந்து பேசுகிறது. நம்மிடம் வந்து சேரும் சமிக்ஞை மிக மிகப் பலவீனமானது. பக்கத்தில் யாராவது இருமினால் கேட்காமல் போகும் முணுமுணுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் டென்வர் விமானநிலையச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றரை நாளுக்குக் கிட்டத்தட்டக் கெட்டுப்போனது, 33 மணி நேரம். தரையில் அனுமதியில்லாமல் ஒலிபரப்பான ஒரு சமிக்ஞை காரணம். அதே ஆண்டு அக்டோபரில் டாலஸ்-ஃபோர்ட் வொர்த்தில் மறுபடி நடந்தது. இவை தவிர, ராணுவம் சோதனைக்காக ஜிபிஎஸ்ஸைக் குலைக்கும் நாட்களை எஃப்ஏஏ "நோட்டம்" என்ற விமானிகளுக்கான அறிவிப்பாக முன்கூட்டியே வெளியிடும். மேற்கு மாநிலங்களில் பறப்பவர்கள் அதைப் படிக்காமல் கிளம்பக் கூடாது.

இன்னும் எளிதான எதிரி வெயில். ஐபேடைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை உச்சவரம்பு 35 டிகிரி. மெர்செட் இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கில் ஜூலையில் 40 டிகிரி சாதாரணம், அதுவும் காக்பிட் கண்ணாடிக்குக் கீழே. திரை கறுத்து, சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை மட்டும் வரும். குளிரும் வரை கெஞ்சினாலும் திறக்காது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவியை இணைத்தால்தான் உங்கள் இடம் தெரியும்.

இரண்டு டேப்லெட் வைத்திருக்கிறேன், போதாதா என்று கேட்பார்கள். ஒரே வெயில், ஒரே செயலி, ஒரே தரவு. 2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் ஐபேடில் சார்ட் செயலி செயலிழந்து, பல விமானங்கள் தாமதமாயின. தலைமை விமானியுடையதும் துணை விமானியுடையதும் சேர்ந்தே நின்றன. வாஷிங்டன் ரீகன் விமானநிலைய சார்ட் ஒன்று தரவில் இரண்டு முறை பதிவானதுதான் காரணம். மாற்று ஏற்பாடு என்றால் ஒன்று கெடும் காரணத்தால் மற்றது கெடக் கூடாது. காகிதத்துக்கு மின்கலம் தீராது, வெயிலில் வாடாது.

சிலர் விஓஆர் (தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையம்) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, குறைந்துகொண்டே வருகிறது. சுமார் 900ஆக இருந்த நிலையங்களை 590 அளவுக்குக் குறைப்பது எஃப்ஏஏ திட்டம். உங்கள் வழியில் எது மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரல் | திங்கள், இரவு 9:30

கடிகாரத்துளி, நியாயம். எனக்கும் ஒருமுறை ரெட்டிங் பக்கம் திரை கறுத்தது. ஏசி காற்றில்லாத சிறு விமானத்தில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, சாஸ்டா மலை கண்ணுக்கு நேரே நின்றது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். திரையில் வரும் ரேடார் மழைப் படத்தை அப்படியே நம்பாதீர்கள். "ஒரு நிமிடம் முன்" என்று அதில் போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் மழை 15, 20 நிமிடம் பழையதாக இருக்கக்கூடும் என்று 2012இல் விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி எச்சரித்தது. அதை நம்பி இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே நுழைந்தவர்கள் உயிரோடு வெளியே வரவில்லை.

ஆனாலும் காகிதத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இரவைப் பற்றி ஏன் பேசுவதில்லை? கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று சிவப்பு விளக்கைப் போடுவோம். சிவப்பு ஒளியில் சார்ட்டின் மெஜந்தா மங்கி மறைந்துவிடும். டவர் இல்லாத விமானநிலையங்கள் எல்லாமே மெஜந்தாவில்தான் இருக்கின்றன. அவசரத்துக்கு இறங்கத் தேடும் சின்னஞ்சிறு நிலையம் எதுவோ அதுதான் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை விளக்கைப் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. காற்று வெட்டும்போது ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் வடக்குப் பக்கத்திலிருந்து தெற்குப் பக்கத்துக்கு சார்ட்டைத் திருப்புவது. அந்த நேரத்தில் தலை எங்கே இருக்கிறது? மடியில்.

பகல் சோலோவுக்குக் காகிதம், சரி. வாழ்நாள் முழுக்க அதுவே மேல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஓடுபாதை30 | செவ்வாய், காலை 6:20

சாரல் அக்கா, இரவு விஷயம் உண்மை. நான் இப்போது பறக்கும் முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

திட்டம் முழுவதும் காகிதத்தில். முந்தின இரவே கோடு, பத்து மைலுக்கு ஒரு சிறு குறுக்குக் கோடு, ஒவ்வொரு அடையாளத்துக்கும் எதிர்பார்க்கும் நேரம். மேசையில் விரிக்க எஃப்ஏஏ தளத்திலிருந்து செக்‌ஷனல் சார்ட்டை இலவசமாகவே இறக்கலாம். ஆனால் வீட்டில் அச்சிட்டால் அளவு மாறிவிடும், பிளாட்டரை வைத்து அளக்கக் கூடாது. அளக்கக் கடையில் வாங்கிய சார்ட். பிறகு அதே வழியைச் செயலியில் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் பாதையும் தூரமும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் எங்கோ தவறு. அடையாள எழுத்தை வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்வேன். என் மனைவிக்கு இப்போது பாதி கலிஃபோர்னியாவின் எழுத்துகள் மனப்பாடம்.

சார்ட்டை மடிக்கும் விதமும் முக்கியம். கோடு மேலே வரும்படி, கையகல அகலத்தில், விசிறி மடிப்பு. காற்றில் விரிக்கவே கூடாது.

தேம்ஸ்கரை | செவ்வாய், மதியம் 12:10

இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது நல்ல முறை, எடுத்துக்கொள்கிறேன். கிழக்குக்காற்று, உன் சோலோவில் பை ஜிப்பை மூடினாலும் டேப்லெட்டை அணைக்காதே. ஓடிக்கொண்டிருக்கட்டும். தேவைப்படும்போது அது விழித்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க உனக்கு நேரம் இருக்காது.

கிழக்குக்காற்று | ஞாயிறு, மாலை 6:55

நேற்று பறந்தேன்! மூன்று இடத்திலும் இறங்கினேன். மொத்தம் 2 மணி 20 நிமிடம்.

7,500 அடியில் ஹாமில்டன் மலை. குவிமாடங்கள் இடப்பக்கம், இறக்கையின் முட்டுக்கம்பிக்குச் சற்று முன்னால். அந்த இடத்துக்கு வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பிருந்தே அவற்றைத் தேடத் தொடங்கிவிட்டேன். வந்ததும் தனியாக ஒரு சத்தம் போட்டேன், ரேடியோ பொத்தானில் விரல் இல்லாதது நல்லதாயிற்று.

ஐ-5 நெடுஞ்சாலையும் அதோடு ஒட்டிப் போகும் கால்வாயும் கணக்கைவிட மூன்று நிமிடம் தாமதமாக வந்தன. எதிர்காற்று முன்னறிவிப்பைவிட வலுவாக இருந்திருக்கிறது. இ6பியில் தரைவேகத்தைத் திருத்தி மெர்செட் நேரத்தை மாற்றி எழுதினேன். அதற்கு ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். பள்ளத்தாக்கில் புழுதி மூட்டம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தோட்டங்கள். முதலில் தெரிந்த ஓடுபாதை மிக நீளமாக, வெளிறிப்போய், இடப்பக்கம். காசில். இங்கேயே இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் கை போனது உண்மை. காகிதத்தில் அதன் பக்கத்தில் "இது இல்லை" என்று தமிழில் எழுதி வைத்திருந்தேன். மெர்செட் அதற்கு அப்பால், வலப்பக்கம், பாதி நீளத்தில் இருந்தது.

ஒன்று மட்டும் குழப்பியது. சலீனாஸ் போகும்போது லாஸ் பானோஸ் ஊர் நேர் கீழே வந்தது, வலப்பக்கம் சான் லூயிஸ் நீர்த்தேக்கம் தெரிந்தது. ஆனால் சார்ட்டில் நீலமாக வரைந்திருக்கும் வடிவத்துக்கும் கீழே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் இறங்கி, கரையெல்லாம் பழுப்புப் பட்டையாக, வேறு ஏரி போல இருந்தது. அரை நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு கிழக்கே அணைச்சுவர் நீளமாகக் கிடப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பழைய திசைகாட்டி | ஞாயிறு, மாலை 7:10

அணைச்சுவரைத் தேடத் தோன்றியதே தம்பி! முக்கொம்பில் நானும் அதைத்தான் செய்தேன். தண்ணீர் வரும், போகும். மிக்க மகிழ்ச்சி.

சாரல் | ஞாயிறு, மாலை 7:32

வாழ்த்துகள்! டிஎஃப்ஆர் பார்த்துவிட்டுத்தானே கிளம்பினாய்?

கிழக்குக்காற்று | ஞாயிறு, மாலை 7:36

பார்த்தேன் அக்கா. கிளம்பும் முன் டேப்லெட்டில் ஒரு முறை, மெர்செட்டில் எரிபொருள் போடும்போது ஒரு முறை, சலீனாஸில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். அணைக்கவில்லை.